உண்ட தானியம் உடலில் சேருவது எவ்வாறு?
கேழ்வரகும் மொச்சையும் ஒன்றாக விளையவேண்டியதன் காரணம்

சேலம் ஜில்லா, ஏற்காடு தாலுகாவைச் சேர்ந்த செம்மநத்தம், சேர்வராயன் மலைக் கிராமங்களுள் ஒன்றாகும். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையவர்களால் இம்மலைக்குக் காப்பிப் பயிர் வந்து சேர்ந்தது. ஆயினும், மலைக்குடிகளின் உணவுப் பயிர்கள் கேழ்வரகும் சாமையும் தினையும், அவற்றோடு சேர்ந்து விளையும் அவரை, மொச்சை முதலிய பருப்பினங்களுமே. இக்காலத்தில் காப்பியும் மிளகும் பணம் தருகின்றன. அரிசி அட்டையுள்ள குடும்பங்களுக்கு 2011-ஆம் ஆண்டு முதல் ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைத்து வருகிறது. ஆகவே, “வயிறு நிறையத் தானியம் இருக்கையில் மொச்சைக்காக நிலத்தை ஒதுக்குவானேன்?” என்று எண்ணுவோர் உளர். இவ்வினாவிற்கு விடையை நிலத்தில் மட்டும் தேடினாற் போதாது; உண்ட உணவு உடலினுள் என்ன ஆகிறதென்பதையும் அறிதல் வேண்டும்.

தசை, இரத்தம், தோல், ஜீரண நீர்கள் ஆகிய யாவற்றிற்கும் அடிப்படைப் பொருள் புரதமாகும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு துண்டுகள் சங்கிலிபோற் கோக்கப்பட்ட பொருள். அத்துண்டுகள் இருபது வகைப்படும். உண்ட புரதத்தை இரைப்பையின் புளிப்பு நீரும், பின்னர் கணையம் சுரக்கும் நீரும், சிறுகுடலின் நீரும் தனித்தனித் துண்டுகளாக அறுக்கின்றன. அவை குடற்சுவர் வழியே இரத்தத்திற் கலந்து முதலில் கல்லீரலை அடைகின்றன; அங்கிருந்து உடலெங்கும் பரவி, அந்தந்த உறுப்பிற்கு வேண்டிய புதுப் புரதமாக மீண்டும் கோக்கப்படுகின்றன. வளர்ந்த மனிதனின் உடலில் நாடோறும் சுமார் 250 முதல் 300 கிராம் புரதம் உடைந்து மறுபடி கட்டப்படுகிறது.

இருபதில் பதினொன்றை உடல் தானே செய்துகொள்ளும். ஏனைய ஒன்பதையும் உணவினின்றே பெறவேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை பெரும்பாலும் பயன்படாமற் போகும். பத்து வண்டிகளுக்குச் சக்கரமும் நுகத்தடியும் இருந்து, அச்சு மட்டும் ஆறே இருந்தால், ஆறு வண்டிகள்தாம் ஓடும். எஞ்சிய சக்கரங்களையாவது கொட்டகையில் போட்டுவைக்கலாம். நெல்லைக் குதிரில் சேமிப்பதுபோல அமினோ அமிலங்களைச் சேமித்து வைக்கும் இடமோ உடலில் இல்லை.

அவ்வாறு எஞ்சியவற்றைக் கல்லீரல் பிரித்துவிடுகிறது. அவற்றிலுள்ள கரிப்பகுதி சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாறும். அல்லது விறகுபோல எரிந்து உஷ்ணமும் உழைக்கும் சக்தியும் தரும். தழைச்சத்துப் பகுதி முதலில் அம்மோனியா என்னும் நஞ்சாகிறது. அதனைக் கல்லீரல் தீங்கற்ற யூரியாவாக மாற்ற, சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. இம்மாற்றம் நடைபெறும் முறையை 1932-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கிரெப்ஸ், ஹென்செலைட் என்னும் இருவர் கண்டு வெளியிட்டனர். குடியானவர் மூட்டையாக வாங்கி வயலுக்கிடும் யூரியாவும் இதுவும் ஒரே பொருளே. ஆகவே, பொருத்தமில்லாத உணவை உண்பவன் தன் தானியத்தின் தழைச்சத்திற் பெரும்பகுதியைச் சிறுநீரில் இழக்கிறான்.

கேழ்வரகிலும் அரிசியிலும் குறைவாயுள்ள துண்டு லைசின் என்பது. மொச்சை, துவரை முதலியவற்றில் லைசின் மிகுதி; அவற்றிற் குறைவாயுள்ள மெதியோனின் என்னும் துண்டோ கேழ்வரகில் நிரம்ப உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

இதனைக் கணக்கால் அறியலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதமும், அதில் சுமார் 1.8 கிராம் லைசினும் வேண்டும். 500 கிராம் கேழ்வரகில் புரதம் சுமார் 35 கிராம். லைசின் சுமார் 1 கிராமே. அதில் 100 கிராமைக் குறைத்து அவ்வளவு துவரம் பருப்பைச் சேர்த்தால் புரதம் சுமார் 50 கிராமாகவும், லைசின் 2 கிராமுக்கு மேலாகவும் உயர்கிறது. உண்ணும் அளவு கூடவில்லை. பயனோ இரு மடங்குக்கு மேலாகிறது. தானியமும் பருப்பும் ஒரே கவளத்தில் இருக்கவேண்டுமென்பதில்லை. ஒரே நாளில் உண்டாற் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது, பச்சை மொச்சையிலும் பயறுகளிலும் புரத ஜீரணத்தைத் தடுக்கும் பொருள் உண்டு; நன்கு வேகவைத்தால் அது பெரிதும் அழியும். இரண்டாவது, வயிறு நிறையாதவன் உண்ணும் பருப்பை உடல் விறகாகவே எரித்துவிடும். ஆதலால், பருப்புச் சேர்ப்பதற்காகத் தானியத்தை மிகக் குறைத்துவிடலாகாது.

இக்குறையால் முதலில் வாடுவோர் வளரும் குழந்தைகளும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாருமே. நீலகிரி ஜில்லா குன்னூரில் மக்காரிசன் துரையவர்கள் நிறுவிய போஷாக்கு ஆராய்ச்சிசாலை, இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அளந்து 1937-ஆம் ஆண்டில் அட்டவணையாக வெளியிட்டது. 1958-இல் அது ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்றும் உணவுத் திட்டம் வகுப்போர் மூன்று பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு பருப்பு என்னும் அளவையே நல்லதெனக் கொள்கின்றனர்.

நிலத்திற்கும் இதே நியாயம் பொருந்தும். பருப்புச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பற்றித் தருகின்றன. எட்டு வரிசை கேழ்வரகுக்கு ஒரு வரிசை மொச்சை விதைத்தால் தானிய மகசூல் அதிகம் குறையாது. விதைக்கு முன், அப்பருப்பினத்திற்கு உரிய ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியிற் கலந்து விதைமேற் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்திற்குள் விதைத்துவிட வேண்டும். வெயிலில் உலர்த்தினால் நுண்ணுயிர்கள் மடியும். அறுவடைக்குப் பின் வேர்களைப் பிடுங்காமல் மண்ணிலேயே மட்கவிடுவது நலம்.

காப்பியை வெட்டிவிட்டு மொச்சை வைக்கும்படி எவரும் கூறவில்லை. தானியம் விளையும் மேட்டு நிலத்தில் பருப்பு வரிசையைக் கைவிடாதிருத்தலே வேண்டுவது. கிராம அதிகாரிகளும் பருவத்திற்கு முன்னரே மொச்சை, அவரை, துவரை விதை தேவைப்படுவோரின் பட்டியலைத் தயாரித்து வேளாண்மை அலுவலகத்திற்கு அனுப்புவார்களாயின், மழை விழுந்தபின் விதைக்கு அலையும் நிலை ஏற்படாது. விளைந்த பருப்பு முழுவதையும் சந்தைக்கு அனுப்பிவிடாமல், வீட்டுக் குழந்தைகளின் பங்கை முதலில் அளந்து வைத்துவிட்டு எஞ்சியதை விற்பதே குடியானவருக்கு உண்மையான இலாபமாகும்.