குழலை அறுக்காதீர்கள்

தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. நீளம் அதிகம், கனமும் அதிகம். அமெரிக்கர் ஒருவர் குழலை வெட்டிக் குட்டையாக்குவதைப் பேரன் யூடியூபில் பார்க்கிறான். தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோனால் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறான். மைசூருவில் மண்டி மொஹல்லா போன்ற பழைய பேட்டைகளில் இந்த யோசனையோடு வருபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். எல்லோரும் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "லைசென்ஸ்தான் இருக்கே சார்!"

இருந்தாலும் அது போதாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவு துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமத்தைப் பற்றியது. குழலைச் சுருக்குவது 6ஆவது பிரிவில் வருகிறது. அதற்குத் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் அறுத்தால் 25(1) பிரிவின்படி தண்டனை. முன்பு 3 முதல் 7 ஆண்டு வரை இருந்த சிறைத் தண்டனையை 2019 டிசம்பரில் வந்த திருத்தம் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்று உயர்த்திவிட்டது. அபராதம் தனி. பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக்குவதற்கும் இதே கதிதான். ஏர்கன்னில் கைவைத்துத் தோட்டா சுடும்படி மாற்றுபவர்களும் தப்ப முடியாது.

சிக்கல் அத்தோடு நிற்பதில்லை. 20 அங்குலத்துக்குக் குறைந்த வழுவழுப்புக் குழல் துப்பாக்கியை ஆயுத விதிகள் கட்டுப்பாடு மிகுந்த முதல் வகையில் வைக்கின்றன. உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் ஆயுதம் வேறு, கையில் இருப்பது வேறு என்றாகிவிடும். அறுக்கும்போது எண்ணோ முத்திரையோ போய்விட்டால், 8ஆவது பிரிவின்படி அதை அழித்தவர் நீங்களே என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது உங்கள் பாடு. பட்டறைக்காரருக்கும் சொல்கிறேன்: 6ஆவது பிரிவு "எந்த நபரும்" சுருக்கக் கூடாது என்கிறது. "கஸ்டமர் சொன்னார், வெட்டினேன்" என்பது பதிலாகாது.

"குடகில் லைசென்ஸே வேண்டாமாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் 2029 அக்டோபர் 31 வரை விலக்கு இருப்பது உண்மை. அது 3, 4ஆவது பிரிவுகளிலிருந்து மட்டுமே. குழலை அறுக்க அங்கேயும் அனுமதி இல்லை. அமெரிக்காவிலும்கூட ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் விண்ணப்பம், ஒப்புதல் வந்த பிறகே வேலை. வீடியோக்காரர் அந்தக் காகிதத்தைக் காட்டுவதில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்?

உரிமதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கி தானாக வாரிசுக்கு வந்துவிடாது. 21ஆவது பிரிவின்படி தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். மண்டி மொஹல்லாக்காரர்களுக்கு அது மண்டி காவல் நிலையம். கையில் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்வதே வம்பு. முதலில் எழுத்து மூலம் தெரிவியுங்கள், அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படையுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். ரசீதில் துப்பாக்கியின் எண், வகை, தேதி இருக்க வேண்டும். "அப்புறம் வாங்க" என்று அலையவிடும் நிலையங்களும் உண்டு. அப்படி நடந்தால் காவல் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மறுபடியும் சொல்கிறேன், ரசீது இல்லாமல் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

துப்பாக்கியை வைத்துக்கொள்ள விரும்பினால் வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆவது விதி இதற்கு வழி செய்கிறது. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆனாலோ 25 ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் சொல்லும் வாரிசுக்கு மாற்றவும் வழியுண்டு. மைசூரு நகர எல்லைக்குள் உரிமம் தருபவர் காவல் ஆணையர். மாநகராட்சியின் இறப்புச் சான்று, வம்சவிருட்சச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை உறுதிமொழி, பழைய உரிமம், ஒப்படைத்த ரசீது எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். காவல் நிலைய அறிக்கைக்கு 30 நாள், அதன் பிறகு முடிவெடுக்க 60 நாள் என்று விதி கெடு வைத்திருக்கிறது. கெடு தாண்டினால் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, 18ஆவது பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது என்பதும் 2019 திருத்தத்தில் வந்ததுதான். பரம்பரைச் சொத்து என்றாலும் அந்தக் கணக்கு மாறாது.

குழலின் வாய் நசுங்கிவிட்டதா, வெடித்துவிட்டதா? உரிமம் பெற்ற வியாபாரியிடம் காட்டுங்கள். கனம் தாங்கவில்லையா? ஆணையர் அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்து விற்றுவிட்டு வேறு வாங்குங்கள்.

ஏற்கெனவே அறுத்துவிட்டவர்கள் துண்டைப் பற்றவைத்து ஒட்டவோ, காவிரியில் வீசவோ, யாருக்காவது விற்கவோ முயல வேண்டாம். ஒவ்வொன்றும் புதிய வழக்கை இழுத்துவரும். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, அவர் மூலமாக ஒப்படையுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி கிடைக்கும்.

ஆணையர் அலுவலகம் இதையெல்லாம் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் ஒரு தாளில் அச்சடித்து லேத் பட்டறைகளின் சுவரில் ஒட்டியிருக்கலாம். ஒட்டும்வரை பட்டறைக்காரர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: துப்பாக்கிக் குழலோடு யார் வந்தாலும், 6ஆவது பிரிவு உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் மெஷினை ஓட்டாதீர்கள்.