உள்ளங்கை பேரிங் உடைந்தால் என்ஜினே போச்சு!
போர்ஷே 911 காருக்குள் ஒளிந்திருந்த பலவீனம்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. மணிக்கு 280 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கக்கூடிய ஜெர்மன் காருக்கும் இது பொருந்தும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரில் தயாராகும் போர்ஷே 911 உலகப் புகழ் பெற்ற பந்தய ரகக் கார். 1960களில் முதன்முதலாக வெளிவந்தபோது அதன் என்ஜினைக் குளிர்விக்க காற்று மட்டுமே போதுமானதாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த முறை மாறவில்லை.

1990களின் தொடக்கத்தில் கம்பெனி பெரும் நஷ்டத்தில் தள்ளாடியது. செலவைக் குறைக்க ஜப்பானிலிருந்து உற்பத்தி நிபுணர்களை வரவழைத்தார்கள். 1996-ல் பாக்ஸ்டர், 1997-ல் புதிய 911 என்று இரண்டு கார்கள் வந்தன. செலவு மிச்சமாகட்டும் என்று இரண்டுக்கும் பல பாகங்களைப் பொதுவாக வைத்தார்கள். என்ஜின் தண்ணீரால் குளிர்விக்கப்படும் புது என்ஜின். கார்கள் நன்றாக விற்றன, கம்பெனி பிழைத்தது.

சிக்கல் எங்கே?

அந்த என்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்டுக்கு அடியில் இன்னொரு தண்டு ஓடுகிறது. கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை வாங்கி, செயின்கள் மூலம் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. இடையில் இருப்பதால் அதற்கு 'இன்டர்மீடியட் ஷாஃப்ட்' என்று பெயர். அதன் ஒரு முனையைத் தாங்குவது ஒரு பேரிங். நம் ஊர்ப் பட்டறைகளில் 'பால்ரஸ்' என்பார்களே, அதேதான். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இந்த பேரிங் உள்ளே கிரீஸ் வைத்து இரு பக்கமும் மூடப்பட்டது. நாளாக ஆக மூடியின் ஓரமாக என்ஜின் ஆயில் கசிந்து உள்ளே போகிறது. கிரீஸ் கரைந்துவிடுகிறது. போன ஆயிலோ தாராளமாக வந்து போவதில்லை. உள்ளேயே தங்கிக் கெட்டுப்போகிறது. குண்டுகள் தேய்கின்றன. ஒரு நாள் பேரிங் உடைகிறது.

அப்புறம் நடப்பது சில நொடி வேலை. தண்டு ஆட்டம் காண்கிறது. வால்வுகளின் நேரக் கணக்கு தப்புகிறது. வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்கின்றன. உலோகத் தூள் ஆயிலோடு கலந்து என்ஜின் முழுவதும் பரவுகிறது. என்ஜின் பழைய இரும்புக்குத்தான் லாயக்கு.

ரயில் வண்டியில் அச்சுப் பெட்டி சூடேறினால் வாடை வரும், புகை வரும். ஊழியர் கண்டுபிடித்து வண்டியைக் கழற்றி விடுவார். இந்த பேரிங் பெரும்பாலும் அப்படி முன்னறிவிப்பு கொடுப்பதில்லை.

செலவு எவ்வளவு?

பேரிங்கின் விலை பெரிதல்ல. அதை எட்டிப் பிடிப்பதுதான் பாடு. கியர் பெட்டியை இறக்க வேண்டும். கிளச்சைக் கழற்ற வேண்டும். அமெரிக்காவில் முன்கூட்டியே பேரிங்கை மாற்றிக்கொள்ள 2,000 முதல் 3,000 டாலர் வரை ஆகிறது. நம் பணத்தில் இரண்டு லட்சம் ரூபாய் வரலாம். அதற்கு மேலும் போகலாம். எப்படியும் இறக்கியாகிவிட்டதே என்று கிளச்சையும், பின்பக்க ஆயில் சீலையும் அதே கையோடு மாற்றிவிடுகிறார்கள்.

மாற்றாமல் விட்டு உடைந்துவிட்டாலோ, என்ஜினைப் புதுப்பிக்க 10,000 டாலருக்குக் குறையாது. 20,000 டாலரையும் தாண்டும். புதிதில் சுமார் 65,000 டாலருக்கு விற்ற இந்தக் கார், பழைய மார்க்கெட்டில் ஒரு காலத்தில் 20,000 டாலருக்கும் கீழே இறங்கியது. காரின் விலையும் ரிப்பேர் விலையும் ஒன்றாகிவிட்ட கதை இது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசையோடு சேமிப்பைப் போட்டு வாங்கியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

கோர்ட்டில் வழக்கு

அமெரிக்காவில் கார் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடர்ந்தார்கள். 2001 முதல் 2005 வரையிலான மாடல்கள் குறித்த அந்த வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. காரின் வயதுக்கும் ஓடிய தூரத்துக்கும் வரம்பு வைத்து நஷ்ட ஈடு கொடுக்க ஏற்பாடாயிற்று. ஒற்றை வரிசைக் குண்டு பேரிங் உள்ள கார்களில் நூற்றுக்கு எட்டு வரை பழுதாகியிருக்கலாம் என்ற கணக்கும் அந்த வழக்கையொட்டி வெளியாயிற்று. அதற்கு முந்தைய இரட்டை வரிசை பேரிங்கில் பழுது மிகக் குறைவு.

2006 வாக்கில் பெரிய பேரிங் வைத்தார்கள். அது எளிதில் உடைவதில்லை. ஆனால் என்ஜினையே இரண்டாகப் பிரித்தால் தவிர அதை மாற்ற முடியாது. 2008-ல் வந்த புதிய என்ஜினில் அந்த இடைத் தண்டே கிடையாது. பந்தய என்ஜினின் வழியில் வந்த டர்போ, ஜி.டி.3 ரகங்களுக்கு அந்த நாளிலும் இந்த வியாதி இல்லை.

மற்ற நோய்கள்

சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது இன்னொரு பெரிய தலைவலி. ஆயில் குடிப்பதும், டிக் டிக் என்ற ஓசையும் இதன் அடையாளங்கள். இதற்கும் என்ஜினைப் பிரித்தாக வேண்டும். தண்ணீர் பம்பின் பிளாஸ்டிக் சக்கரம் உடைவது, தண்ணீர்த் தொட்டி விரிசல் விடுவது, ஆவியையும் ஆயிலையும் பிரிக்கும் கருவி கெட்டு வெள்ளைப் புகை கக்குவது ஆகியவை சில்லறை நோய்கள். முகப்பில் சருகு சேர்ந்து ரேடியேட்டரை அரிப்பதும் உண்டு. துடைப்பத்தால் தீர வேண்டிய அந்த வேலையை விட்டுவிட்டு, ரேடியேட்டருக்குப் பணம் கட்டியவர்களும் இருக்கிறார்கள்.

என்ன பரிகாரம்?

அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் சொல்வது மூன்றே விஷயம். கம்பெனி சொன்ன நீண்ட கெடுவுக்குக் காத்திராமல் சீக்கிரமே ஆயிலை மாற்று. கழற்றிய ஆயில் பில்டரை அறுத்து உலோகத் தூள் மின்னுகிறதா என்று பார். காரை மூடி வைக்காதே, ஓட்டு. பளபளவென்று துடைத்து ஷெட்டில் நிறுத்திய கார்களைவிட, அன்றாடம் ஓடுகிற கார்களே நீடித்து உழைக்கின்றன என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. பழைய ஸ்கூட்டரோ, போர்ஷே காரோ, வாங்கும் விலையோடு கணக்கு முடிவதில்லை. முன்னாலேயே ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிக் கேட்பவனுக்கு செலவு நூற்றுக்கணக்கில் முடியும். கேட்காதவனுக்கு ஆயிரக்கணக்கில்!