வம்சவழியும் வர்க்கமும்: பதுளைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு குறிப்பு

முன்னோரை நிறுவுதல் குடும்ப நினைவைச் சார்ந்த விடயம் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின் எவருடைய முன்னோர் எழுத்திற் பதியப்பட்டனர் என்பதே அடிப்படை வினாவாகும். இலங்கை வரலாற்றில் இருவேறு நிகழ்ச்சிகளை ஒப்புநோக்கின் இது தெளிவாகும்.

1908இல் கொழும்பில் அமைந்த ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியம், 1796 வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள், சேவையாளர் முதலானோரின் ஆண்வழிச் சந்ததியினருக்கு உரியது. அங்கத்துவம் விழைந்தோர்க்கு வம்சவழியைக் காட்டுதல் இயல்வதாயிருந்தது. கம்பெனியின் பதிவேடுகளும் தேவாலயங்களின் ஞானஸ்நான, விவாகப் பதிவுகளும் எஞ்சியிருந்தன. ஒன்றியத்தின் சஞ்சிகை குடும்ப வம்சாவளிகளை அச்சேற்றியது.

நாற்பது ஆண்டுகளின் பின்னர் இத்தகைய சான்றே பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டத் தொழிலாளரிடமும் கோரப்பட்டது. ஆயின் இங்கு வேண்டப்பட்டது சங்கமொன்றின் அங்கத்துவமன்று, நாட்டின் பிரசாவுரிமை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சவழிப் பிரசையாவதற்குத் தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். தாயின் பிறப்பிடம் கணக்கிற் கொள்ளப்படவில்லை. கொழுந்து பறித்துப் பெருந்தோட்டப் பொருளாதாரத்தைத் தாங்கிய பெண், வம்சத்தை நிறுவுமிடத்துச் சான்றாகாது போனாள்.

பிறப்புப் பதிவு நாட்டிற் கட்டாயமானது 1897இலேயாம். 1948இல் ஐம்பது வயதினரான ஒருவரின் தந்தை அதற்கு முன்னரே பிறந்தவர். மேலும், மகப்பேற்றுக்காகத் தமிழகத்துச் சொந்தக் கிராமத்துக்குச் சென்றுவருதலும் வழக்கிலிருந்தது. அவ்வாறு கடலுக்கப்பாற் பிறந்தவர்க்கு நிபந்தனை மேலும் கடினமாயிற்று. தந்தைவழியில் இரு தலைமுறையினரின் பிறப்பை அவர் காட்டவேண்டியிருந்தது.

இம்மக்களைப் பற்றி எழுத்தே இருக்கவில்லை என்பதன்று. 1921இல் ஒழிக்கப்படும் வரை 'துண்டு' எனும் சீட்டு வழங்கிற்று. எத்தொகையைச் செலுத்தினால் தொழிலாளரை விடுவிக்கலாம் என்பதை அது குறித்தது. தோட்டத்துச் செக்ரோல் வேலை நாளையும் கூலியையும் குறித்தது. கடனும் உழைப்பும் மூலதனத்துக்கு வேண்டியனவாகையால் ஒழுங்காகப் பதிவாயின. தொழிலாளரின் பாட்டன் எங்கு பிறந்தான் என்பது எவருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆவணம் சமூகத் தேவையின் விளைபொருள் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், பிறப்புக்குப் பதிலாகத் தொடர்ச்சியான வதிவையும் போதிய வருமானத்தையும் நிரூபிக்கக் கோரியது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன; உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோரை 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமோ அவ்வொப்பந்த நாள் முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்தம் சந்ததியினரையும் பிரசைகளாக ஏற்றது.

இம்மாற்றத்தின் உட்பொருள் நோக்கற்பாலது. முன்னோர் எங்கு பிறந்தார் என்ற வினா, அவர் எங்கு வாழ்ந்தார் என்ற வினாவுக்கு இடமளித்தது. ஊவாவின் மலைச்சரிவுகளில் தலைமுறைகளாக உழைத்தோர்க்கு முதலிலேயே கேட்டிருக்கவேண்டிய வினா இரண்டாவதேயாம். அதனைக் கேட்க அரசுக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.