வீட்டில் வேகும் காரா பன்

சென்னை, கோவை, சேலம் என்று எந்த ஊர்க் கடைத்தெருவில் நடந்தாலும் 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி' என்றொரு பலகை கண்ணில் படாமல் போகாது. கல்லாவில் இருப்பவர் ஐயங்காராக இருக்க வேண்டிய அவசியமில்லை. கண்ணாடி அலமாரியில் முட்டை பப்ஸ் கூட அடுக்கியிருக்கும். ஆனாலும் அந்தப் பலகையைப் பார்த்ததும் நாக்கு ஒரு பட்டியலை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது: காரா பன், தேன் கேக், தில் பசந்த், வெண்ணெய் பிஸ்கட், காங்கிரஸ் கடலை.

பட்டியலின் பூர்வீகம் பெங்களூர் சிக்பேட்டை. ஹாசன் பக்கத்திலிருந்து வந்த எச்.எஸ். திருமலாச்சார் 1898-இல் அங்கே ஓர் இனிப்புக் கடை போட்டார். வெஸ்ட் எண்ட் ஓட்டல் வட்டாரத்து ஆங்கிலேயர் ஒருவர்தான் அவருக்கு ரொட்டி சுடும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார் என்பது இன்றுவரை வழங்கிவரும் கதை. கடை பி.பி. பேக்கரி ஆயிற்று, விரித்தால் பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரி. பிறகு ஹாசன் மாவட்டத்துச் சொந்தபந்தங்கள் ஒவ்வொருவராக நகரத்துக்கு வந்து, யாராவது ஒரு மாமா கடையில் மாவு பிசைந்து தொழில் கற்று, தனித்தனியே கடை போட்டார்கள். வி.வி. புரத்தில் 1953 முதல் நடக்கும் வி.பி. பேக்கரிக்கு இன்றும் மாலை வேளையில் கூட்டம் குறைவதில்லை.

முட்டையைக் கையால் தொடாத ஒரு சமூகம் கேக் சுடக் கிளம்பியதுதான் இதில் விசேஷம். முட்டை செய்யும் வேலையைத் தயிரும் பாலும் சோடாவும் பங்குபோட்டுக் கொண்டன. வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் நமக்கு இதனால் ஆதாயம் உண்டு. ஈஸ்ட் தவிர மற்ற சாமான்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அடுக்களையில் இருக்கும். 2020 ஊரடங்கில் பல ஊர்களில் அந்த ஈஸ்ட்டே கிடைக்காமல் போனது நினைவிருக்கலாம். அன்று வாங்கிய ஓ.டி.ஜி. அடுப்பு பல பெங்களூர் வீடுகளில் இப்போது பாத்திரம் கவிழ்க்கும் மேடையாக இருக்கிறது. அதைத் துடைத்து எடுக்கக் காரா பன் ஒன்றே போதும்.

காரா பன்னின் உயிர் சதகுப்பைக் கீரை. கன்னடத்தில் சப்பசிகே சொப்பு. பெங்களூரில் எந்தக் கீரைக்காரரிடமும் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். கே.ஆர். மார்க்கெட்டில் விடிகாலையில் அந்தக் குவியலைக் கடக்கும்போதே பேக்கரி வாசனை வந்துவிடும். தமிழ்நாட்டில் நாம் சதகுப்பையை விதையாக, நாட்டு மருந்துக் கடையில் பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சாமானாகத்தான் அறிவோம். கீரையாகச் சமைக்கும் பழக்கம் குறைவு. கொத்தமல்லியைப் போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். சமாளிக்கலாம். வருவது நல்ல மசாலா பன்னாக இருக்கும், காரா பன்னாக இருக்காது.

ஆறேழு பன்னுக்கு மைதா 250 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, வெதுவெதுப்பான பால் 150 மில்லி, வெண்ணெய் 30 கிராம். வெண்ணெயைக் கடைசியில் சேர்த்துப் பத்து நிமிடம் விடாமல் பிசைய வேண்டும். முதலில் கையெல்லாம் அப்பிக்கொண்டு மானத்தை வாங்கும். மாவைத் தூவ வேண்டாம். ஏழாவது எட்டாவது நிமிடத்தில் தானாகக் கையை விட்டுப் பிரிந்து, இழுத்தால் சவ்வு போல விரியும்.

எல்லோரும் இடறும் இடம் வெங்காயம். நறுக்கிய வெங்காயத்தை உப்புப் போட்ட மாவில் ஆரம்பத்திலேயே கொட்டிப் பிசைந்தால் அது நீர் விட்டு மாவைக் குழம்பாக்கிவிடும். மாவு தனியாக ஒருமுறை பொங்கட்டும். அதற்குள் ஒரு வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், கறிவேப்பிலை மூன்றையும் பொடியாக நறுக்கி, ஒரு துளி வெண்ணெயில் ஈரம் சுண்டும்வரை மட்டும் வதக்கி, முழுக்க ஆறவைத்து, ஒரு கைப்பிடி பச்சைச் சதகுப்பையோடு பொங்கிய மாவில் மடித்துச் சேர்க்க வேண்டும். கீரையை வதக்கக் கூடாது. வாசனை வாணலியோடு போய்விடும். உருட்டி வைத்து, இரண்டாவது முறை பொங்கியதும் மேலே பால் தடவி, 190 டிகிரியில் பதினெட்டு முதல் இருபது நிமிடம். வெளியே எடுத்த சூட்டிலேயே மேலே வெண்ணெய் பூச வேண்டும். கடைப் பன்னின் மினுமினுப்பும் தோலின் மென்மையும் இந்தப் பூச்சில்தான் இருக்கிறது.

எத்தனை நேரம் பொங்கவிடுவது என்று கேட்டால் ஊரைக் கேட்க வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் பொங்கும் மாவுக்கு எதிர்ப்பு சற்றுக் குறைவு. தண்ணீரே இங்கே 97 டிகிரியில் கொதித்துவிடும். ஆனால் டிசம்பர் குளிரில் இதே மாவு இரண்டு மணி நேரமானாலும் சோம்பிக் கிடக்கும். அணைத்த ஓ.டி.ஜி.க்குள் ஒரு கிண்ணம் கொதிநீரோடு மூடி வைத்தால் எழுந்துகொள்ளும். சென்னை மே மாதத்தில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடமே அதிகம். கடிகாரத்தை விட்டுவிட்டு, இரண்டு மடங்கு ஆகிவிட்டதா என்று மாவைப் பார்ப்பதே சரி.

அடுத்தது அடுப்பு. பழைய ஐயங்கார் பேக்கரிகளில் செங்கல் அடுப்பு; விறகு போட்டு எரித்து, தணலைத் தள்ளிவிட்டு, சுவரில் தேங்கிய சூட்டில் சுடுவார்கள். இப்போது பல கடைகள் டீசல், எரிவாயு, மின் அடுப்புக்கு மாறிவிட்டன. அல்சூர்ப் பக்கம் ஒரு பேக்கரியில் தட்டு வெளியே வரக் காத்திருந்தபோது, "வீட்ல செஞ்சா மேல மட்டும் செவக்குது, அடி வெளுப்பா இருக்கே அண்ணா?" என்று கேட்டேன். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, உங்க அடுப்புல காத்துதான் சூடு. எங்களுக்குச் செவுரு சூடு. ஒரு கனமான தோசைக்கல்ல உள்ள வெச்சு அரை மணி காய விடுங்க" என்றார். பெங்களூர்த் தமிழில் சொன்ன அந்த ஒரு வரி, யூடியூபில் ஒரு மணி நேரம் பார்த்ததைவிட உபயோகமாக இருந்தது. இரும்புக் கல் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்கிறது; கதவைத் திறந்து மூடும்போது அடுப்பின் சூடு விழுந்தாலும் தட்டின் அடி விழுவதில்லை.

வீட்டுப் பன்னின் மேல் உள்ள பெரிய புகார், மறுநாளே வறண்டுபோகிறது என்பது. கடை ரொட்டி நான்கைந்து நாள் தாங்குவதற்கு கால்சியம் புரொப்பியோனேட் போன்ற பூஞ்சைத் தடுப்பான்களும் மென்மையாக்கிகளும் காரணம். அவை சட்டம் அனுமதித்தவை, பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியதாக இருந்தது வேறொன்று. 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அந்நகரில் ரொட்டி, பன், பீட்சா என 38 மாதிரிகளைச் சோதித்து, 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதாகச் சொன்னது. மாவை எழும்பச் செய்யும் புரோமேட்டை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகின் பல நாடுகள் எப்போதோ விலக்கிவிட்டிருந்தன. அடுத்த மாதமே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டைத் தடை செய்தது. 'வீட்டிலேயே சுடுவோம்' என்ற பேச்சு அந்த வருடம் கொஞ்சம் உரக்கக் கேட்டதில் ஆச்சரியமில்லை.

வீட்டுப் பன்னை மென்மையாக வைத்திருக்க ஒரு கிழக்காசிய வழி இருக்கிறது. மைதாவில் 20 கிராமை எடுத்து 100 மில்லி தண்ணீரில் கரைத்து, 65 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் கூழாக்கி, ஆறவைத்து மாவில் சேர்ப்பது. பாலை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெந்த மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மெள்ள மெள்ள விடுகிறது. ஆப்ப மாவுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றும் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இப்படிச் செய்த பன் மூன்றாம் நாள் காலையிலும் பிட்டால் நார் நாராக வருகிறது.

அந்தப் பன்னை நடுவில் வெட்டி, வெண்ணெய் தடவி, காங்கிரஸ் கடலையைத் திணித்துச் சாப்பிடுவது தெற்கு பெங்களூரின் மாலை நேர ஒழுக்கம். 1969 ஜூலையில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி லால்பாக் கண்ணாடி மாளிகையில் கூடி, குடியரசுத் தலைவர் வேட்பாளராக யாரை நிறுத்துவது என்று சண்டை போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் கட்சி இரண்டானது. தோல் நீக்கி இரண்டாகப் பிளந்த கடலைக்குப் பேர் வந்தது அப்படித்தான் என்று பசவனகுடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிரூபிக்கக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கடலை கொடுப்பார்கள்.

கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்தால் நிச்சயம் உயர்வு என்று தயங்காமல் நான் சொல்லும் ஒரே பண்டம் இதுதான். நல்ல காய்ந்த நிலக்கடலையை அடிகனமான வாணலியில் சிறு தீயில் கால் மணி நேரம் வறுக்க வேண்டும். வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருந்தால் காரியம் கெட்டது. ஒன்றைப் பிளந்து பார்த்தால் உட்புறமும் லேசாகப் பொன்னிறம் கண்டிருக்க வேண்டும். ஆறியதும் துணியில் கசக்கித் தோலைப் புடைத்து, பருப்பைப் பிளந்துகொள்ளலாம். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலை மொறுமொறுக்கும்வரை பொரித்து, அடுப்பை அணைத்துவிட்டு, மஞ்சள், பெருங்காயம், மிளகாய்த்தூள், கரகரப்பாகப் பொடித்த மிளகு, தூளாக்கிய உப்பு, பிறகு கடலை. தீ எரியும்போது மிளகாய்த்தூளைப் போட்டால் கருகிக் கசக்கும். கார்த்திகை மாதக் கடைசித் திங்களில் பசவனகுடி கடலைக்காய் பரிஷையில் மலைமலையாக விற்கும் புதுக் கடலையை ஆசைப்பட்டு இதற்கு வாங்கிவிடாதீர்கள். அது ஈரக் கடலை. வேகவைத்துத் தின்னத்தான் லாயக்கு.

தேன் கேக்குக்குப் பெரிய வித்தை தேவையில்லை. மைதா 180 கிராம், சர்க்கரை 150 கிராம், தயிர் ஒரு கப், எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி, சோடா அரைத் தேக்கரண்டி. தயிரில் சர்க்கரை கரைந்தபின் சோடாவும் பேக்கிங் பவுடரும் போட்டால் நுரைத்துக்கொண்டு எழும். அந்த நுரை அடங்குவதற்குள் எண்ணெயும் மாவும் கலந்து அடுப்புக்குள் போய்விட வேண்டும். போன் வந்தால் எடுக்காதீர்கள். 180 டிகிரியில் அரை மணி நேரம். ஆறிய கேக்கைக் குச்சியால் துளைத்து, சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் காய்ச்சி இறக்கி, வெதுவெதுப்பானதும் தேன் கலந்து ஊற்ற வேண்டும். மேலே சூடாக்கி இளக்கிய கலப்புப் பழ ஜாம், அதன் மேல் உலர்ந்த தேங்காய்த்துருவல். கடைத் தேன் கேக்கில் தேன் பெரும்பாலும் பெயரளவில்தான். வீட்டில் மூன்று மேசைக்கரண்டி நிஜத் தேன் விட்டுப் பாருங்கள். சிறு வயதில் தின்ற ருசி இது இல்லையே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குச் சர்க்கரைப் பாகே போதும்.

வீட்டில் செய்யலாமா என்று கேட்டு வருபவர்களை நான் தடுப்பது பப்ஸ் விஷயத்தில். மூன்று மடிப்பாக நான்கு முறை மடித்தால் மாவுக்கு நடுவே 81 அடுக்குக் கொழுப்பு. அது உருகாமல் படலமாகவே இருந்தால்தான் அடுப்பில் அடுக்கடுக்காகப் பிரியும். வெண்ணெய் 32, 35 டிகிரிக்கெல்லாம் உருகிவிடுகிறது. ஏப்ரல் மதியத்தில் பெங்களூர் அடுக்களையே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. பேக்கரிக்காரர்கள் வெயிலுக்கு இளகாத தனி மார்ஜரின் வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் அதில் டிரான்ஸ் கொழுப்பு தாராளம். இப்போது கட்டுப்பாடு வந்துவிட்டது: எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2021 ஜனவரி முதல் 3 சதவீதத்துக்கும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்கும் மிகக் கூடாது. விதியை எல்லாக் கடைகளும் மதிக்கின்றனவா என்பது வேறு கேள்வி. எப்படியும் தினம் தின்னும் பண்டமில்லை.

தில் பசந்த்தும் மேலோட்டில் பப்ஸுக்குச் சொந்தம்தான். ஆனால் உள்ளே போகும் டூட்டி ஃப்ரூட்டியை வீட்டில் செய்துவைத்துக்கொள்ளலாம்; பச்சைப் பப்பாளிதான் அது என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்காது. சின்னச் சதுரங்களாக நறுக்கி, கண்ணாடி போல ஆகும்வரை வேகவைத்து வடித்து, அதே எடைச் சர்க்கரையில் பாகு கெட்டியாகும்வரை கொதிக்கவிட்டு, ஒரு பங்குக்குப் பீட்ரூட் சாறு சேர்த்து ஒரு நாள் ஊறவைத்து, வடிகட்டி நிழலில் உலர்த்தினால் ஆயிற்று. தேங்காய்த்துருவல், சர்க்கரை, முந்திரி, ஏலக்காயோடு கலந்து, மேலே சொன்ன பன் மாவை இரண்டு வட்டத் தட்டாக இட்டு, நடுவில் நிரப்பி ஓரத்தை ஒட்டிச் சுட்டால் தில் பசந்த்துக்கு ஒன்றுவிட்ட தம்பி தயார். எட்டுத் துண்டாக முக்கோணமாக வெட்டிப் பரிமாறினால் யாரும் வித்தியாசம் கேட்பதில்லை.

பப்ஸ்தான் வேண்டும் என்றால், மாலை நான்கு மணி சுமாருக்குத் தெருமுனைப் பேக்கரிக்குப் போய், "இப்ப வந்த தட்டுலேர்ந்து குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். காலையில் சுட்டதைக் கண்ணாடிப் பெட்டியின் பல்பு வெளிச்சத்தில் சூடாக்கிக் கொடுப்பார்கள், அதை வாங்காதீர்கள்.