ஏரி மீனும் வயல் நண்டும்: மழைக்கு முன் நம் கடமை

ஆரணி பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அதனைச் சூழ்ந்த கிராமங்களோ ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவிப்பவை. பருவமழை பெய்து ஏரிகளில் நீர் ஏறியதும் கரையோரங்களில் தூண்டிலுடன் பலர் அமர்ந்திருப்பதையும், வரப்புகளில் சிறுவர் நண்டு தேடித் திரிவதையும் காணலாம். தெருவில் பாவு விரிக்க இயலாத மழை நாட்களில் நெசவாளரும் தூண்டில் எடுப்பதுண்டு. இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைய குழம்புக்கு இதையே நம்பும் ஏழை வீடுகள் உண்டு.

கடலில் மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக, தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை உள்ளது. ஊர் ஏரிக்கும் வயலுக்கும் அத்தகைய காவலைச் செய்ய வேண்டியவர்கள் நாமே.

நண்டின் இயல்பு

கோடையில் வயல் நண்டு வளையினுள் ஆழத்தில் ஈரத்தைப் பற்றிக்கொண்டு கிடக்கும். மழை விழுந்ததும் வெளிவரும். கழிமுகத்துச் சேற்று நண்டு கடலுக்குச் சென்று இலட்சக்கணக்கான குஞ்சுகளை விடுகிறது. அவை நீரோட்டத்தில் மிதந்து பல இடங்களுக்கும் பரவுகின்றன. வயல் நண்டு அவ்வாறன்று. அது சில நூறு முட்டைகளையே இடும். அவற்றையும், பொரித்த குஞ்சுகளையும் தன் வயிற்று மடிப்பின் கீழ் சுமந்தே காக்கும். ஆதலின் ஒரு தாய் நண்டு அழிந்தால் அந்த ஈடு முழுவதும் அழிகிறது. வயிற்று மடிப்பு அகன்றிருந்தால் பெண், குறுகியிருந்தால் ஆண் என்று எளிதில் அறியலாம். முட்டையோ குஞ்சோ சுமக்கும் நண்டை விட்டுவிடுதல் நலம்.

நண்டு இளம் நாற்றை நறுக்கும், வரப்பைத் துளைத்து நீரை ஒழுகவிடும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக வளைதோறும் குருணை மருந்தை இடுவது பெருந்தீங்கு. நஞ்சுண்டு தள்ளாடும் நண்டு எளிதில் கைக்கு அகப்படும். அதையே ஒரு சிறுவன் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் என்னாகும்? எஞ்சிய நஞ்சு மழை நீரோடு வாய்க்காலிலும் குட்டையிலும் கலந்து மீனைக் கொல்லும். கமண்டல நாகநதியில் இறங்கும் நீர் செய்யாறு, பாலாறு வழியே கடலை அடைவது. நம் வயலில் இட்டது நம் வயலோடு நின்றுவிடுவதில்லை.

நடவுக்கு முன் அண்டை வெட்டி, வளைகளை அடைத்து, வரப்பில் சேறு பூசுக. மிக இளைய நாற்றை நடுவதைத் தவிர்க்கலாம். வாய் அகன்ற பானையைத் தரைமட்டத்தில் புதைத்து, உள்ளே சிறிது சோறோ தவிடோ இட்டு வைத்தால், இரவில் இரை தேடும் நண்டு அதில் விழும். பயிருக்குக் காப்பும் வீட்டுக்கு உணவும் ஒருங்கே கிட்டும். நண்டை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். நுரையீரலைத் தாக்கும் ஒருவகைத் தட்டைப்புழு நன்னீர் நண்டுகளில் இருக்கக்கூடும்.

தூண்டில்காரர் அறிய வேண்டுவன

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய ஏரி நீரில் பொதுவாக இனம் பெருக்குவதில்லை. 1957-ஆம் ஆண்டில் ஒரிசாவில் ஊசி மூலம் இவற்றை முட்டையிடச் செய்யும் முறை வெற்றி பெற்ற பின்னரே குஞ்சுகள் தாராளமாகக் கிடைக்கலாயின. ஏரியில் விட்ட குஞ்சு வளரும் முன்னரே பிடித்தல், விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும்.

விரால், நீர்மட்டத்தில் திரளும் தன் குஞ்சுகளைக் கூடவே இருந்து காக்கும் மீன். அத்திரளின் அருகே தூண்டில் போட்டுத் தாயையும் தந்தையையும் பிடித்துவிட்டால், குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். ஜிலேபிக் கெண்டைக்கு இத்தகைய கவலை இல்லை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் குட்டைகளில் தானே பெருகி, பிற மீன்களின் இரைக்கும் போட்டியிடும். தூண்டில்காரர் இதனை எத்தனை பிடித்தாலும் நன்மையே.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ள ஏரி, குட்டைகளில் மீன் குத்தகை விடும்போது சிறுகண் வலை, நஞ்சு, வெடி ஆகியவை கூடாது என்று நிபந்தனை சேர்க்கலாம். நீர் ஏறிய முதல் சில வாரங்களில் யாரும் மீன் பிடிப்பதில்லை என்று ஊரே கூடி முடிவு செய்யலாம். கலங்கல் வழியே மீன் வெளியேறாதபடி தடுப்பு அமைப்போர், நீரின் போக்கை அது மறிக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கரையின் காப்பே முதன்மையானது. குத்தகை எடுத்தவருக்கும், ஒற்றைத் தூண்டிலுடன் வரும் ஏழைக்கும் சச்சரவு எழாமல், தூண்டிலுக்குரிய இடத்தையும் நேரத்தையும் முன்னரே குறித்தல் நன்று.

அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன் வரும் நாள் அது. விவசாயிகளும் அங்கத்தினர்களும் அன்று இதனை ஒரு பொருளாக எடுத்து விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றுவார்களாயின், ஏரி நிறையும் வேளையில் காவலும் ஆயத்தமாக இருக்கும். வரப்பும் நிலைக்கும், வளையில் நண்டும் வாழும், ஏழை வீட்டு அடுப்பில் குழம்பும் கொதிக்கும்.