உருக்குச் சட்டக மாதிரியுருவில் வளை மட்டம்

கட்டடமொன்றின் உருக்குச் சட்டகத்திலே கிடையாகக் கிடந்து சுமை தாங்கும் உறுப்பை வளை என்பர். விட்டம் என்னும் சொல் வட்டத்தின் விட்டத்தோடு மயங்குமாதலின் அதனை ஈண்டு விலக்கினோம். யாழ்ப்பாணத்துத் தச்சர் வழங்கும் தீராந்தி ஒருவேளை இன்னும் பொருத்தமாயிருக்கலாம். கணனியில் அமைக்கும் முப்பரிமாண மாதிரியுருவில் இவ்வளையை எம்மட்டத்தில் வைப்பது என்னும் வினா மேலோட்டமாக நோக்குவார்க்கு மிக எளிதாகத் தோன்றும். ஆனால் வளைக்குத் தனக்கென ஓர் ஆழம் உண்டு. ஆகவே வளையின் மட்டம் என்று கூறுமிடத்து அதன் மேற்புறத்தைக் கருதுகின்றோமா, நடு அச்சைக் கருதுகின்றோமா, அடிப்புறத்தைக் கருதுகின்றோமா என்பது முதலில் தெளிவாதல் வேண்டும்.

வரைபடங்களிலே பெரும்பாலும் குறிக்கப்படுவது உருக்கின் மேற்புற மட்டமே. வளையின் தலைமேல் தளம் கிடப்பதே இதற்குக் காரணமாகும். உதாரணமாக, நிறைவுற்ற தளத்தின் மட்டம் 4.500 மீற்றர் எனவும், மேற்பூச்சு 50 மில்லிமீற்றர் எனவும், கொங்கிறீற்றுத் தட்டு 130 மில்லிமீற்றர் எனவும் கொள்வோம். அப்போது வளையின் மேற்புறம் 4.320 மீற்றரில் அமைதல் வேண்டும். சிறிய வளையும் பெரிய வளையும் அதே மட்டத்திலே தலை சேர்ந்து நின்றாலன்றித் தட்டு சமமாகக் கிடவாது.

மென்பொருளோ ஒவ்வொரு வளையையும் இரு புள்ளிகளை இணைக்கும் ஓர் ஆதாரக் கோட்டின் துணைகொண்டே அறிகின்றது. அக்கோட்டுக்கு வளை எப்பக்கத்தில் அமையும் என்பதை நாமே கூறல் வேண்டும். ரெக்லா மென்பொருளில் ஆழநிலை என்னும் தெரிவுக்கு முன், நடு, பின் என மூன்று விடைகள் உள. தளப்படத்தை மேலிருந்து நோக்குவோனுக்குப் பின்னால் இருப்பது கீழே இருப்பதாகும். எனவே பின் என்பதைத் தெரிந்தால் வளை கோட்டின் கீழே தொங்க, மேற்புறம் கோட்டோடு பொருந்தும். பெயரிட்டவர்கள் மேல், கீழ் என்றே சொல்லியிருந்தால் பயில்வோரின் துன்பம் பாதியாய்க் குறைந்திருக்கும். ரெவிற் மென்பொருளில் இதே காரியம் மேல், நடு, அடி முதலிய நேர்ப்படுத்தல்களால் நிறைவேறுகின்றது.

தவறு நேரும் வழியை எண்களால் நோக்குவோம். 457×191×67 எனப் பெயர்பெற்ற வளையின் உண்மை ஆழம் 453.4 மில்லிமீற்றர், 305×165×40 என்பதன் ஆழம் 303.4 மில்லிமீற்றர். (பெயரிலுள்ள எண்ணையே ஆழமெனக் கொள்வோர் பலர், அது குடும்பப் பெயரேயன்றி அளவன்று.) இரண்டையும் 4.320 மீற்றரில் நடு அச்சால் வைத்துவிட்டால், முன்னதன் தலை 4.5467 மீற்றருக்கும் பின்னதன் தலை 4.4717 மீற்றருக்கும் ஏறிவிடும். பெரிய வளை நிறைவுற்ற தளத்தையே ஊடறுத்து 46.7 மில்லிமீற்றர் மேலெழும். இரு வளைகளின் தலைகளுக்குமிடையே சரியாக 75 மில்லிமீற்றர் வேறுபாடு தோன்றும். விறைப்பையும் விசையையும் கணிப்பதற்கான பகுப்பாய்வு மாதிரியுருவில் உறுப்புகள் நடு அச்சுக் கோடுகளாகவே நிற்பதனால், அதனை அவ்வாறே இறக்குமதி செய்வோர் இக்குழியில் எளிதில் வீழ்வர்.

நடு அச்சிலேயே வைத்து 226.7 மில்லிமீற்றர் கீழிறக்கினால் இன்று கணக்குச் சரியாகும். நாளை வடிவமைப்பாளர் அவ்வளையைச் சிறியதாக மாற்றும்போது பழைய இறக்கம் அப்படியே நிற்க, தலை 75 மில்லிமீற்றர் தாழ்ந்துபோகும். மேற்புறத்தால் வைத்த வளையிலோ அடிப்புறமே உயரும், தலை அசையாது.

இத்தவறு சத்தமின்றி நிகழ்வதே அதன் கொடுமை. மென்பொருள் வளைகளின் நிலையைப் பார்த்து, அதற்கேற்ற இணைப்பைத் தானே வரைந்துவிடுகின்றது. அது முறைப்பாடு செய்வதில்லை. பட்டறை அவ்வரைபடத்தின்படியே துளையிடும். பண்டகசாலைக் கட்டடமொன்றின் இடைத்தளத்தில், தூண்களோடு உருகொட்டிய இணைப்புத் தகடுகள் யாவும் ஒரே அளவாக 75 மில்லிமீற்றர் விலகி நின்றதைப் பயிற்சிக் காலத்திற் கண்டேன். பாரந்தூக்கியில் வளை தொங்க, மேலே சாரத்தில் நின்ற இருவர் துளைகள் சேருமென்று நெடுநேரம் நெம்பிப் பார்த்தனர். ஈற்றில் உயரத்தில் நின்றே தகடுகளை வெட்டிப் புதிதாய் ஒட்டவேண்டியதாயிற்று. கீழே மேசையில் ஒரு தெரிவு பிழைத்தமைக்கு ஆபத்தைச் சுமந்தவர்கள் அவர்களே.

சாய்வான கூரை வளைகளில் இன்னுமொரு நுட்பம் உண்டு. 15 பாகைச் சாய்வில் 303.4 மில்லிமீற்றர் ஆழமுள்ள வளையை நிலைக்குத்தாக அளந்தால் அது ஏறத்தாழ 314.1 மில்லிமீற்றராகும். ஆதலின் நடு அச்சில் வைத்த அவ்வளையை அரையாழமாகிய 151.7 மில்லிமீற்றர் மட்டும் நிலைக்குத்தாக இறக்கினால், தலை ஐந்து மில்லிமீற்றருக்குச் சற்று மேல் உயர்ந்தே நிற்கும். 20 மில்லிமீற்றர்ச் சுரையாணிக்கு 22 மில்லிமீற்றர்த் துளை இடுவதே பிரித்தானிய வழக்கமாதலின், இவ்வழு துளையின் இடைவெளிக்குள் அடங்காது.

வளையின் அந்தங்களுக்குத் தனித்தனியே நிலைக்குத்துப் பெயர்ச்சி கொடுக்கும் வசதி ரெக்லாவில் உண்டாயினும், அதனைச் சிக்கனமாகவே கையாளல் வேண்டும். பெயர்ச்சி கொடுத்தபின் பிடிப்புள்ளிகள் பழைய இடத்திலேயே நிற்க உறுப்பு மாத்திரம் நகர்வதால், அடுத்து அம்மாதிரியுருவைத் திறப்பவர் புள்ளியை நம்பி ஏமாறுவார். வரைபடங்களைப் பட்டறைக்கு அனுப்புமுன் ஒவ்வொரு தளத்திலுமுள்ள வளைகளின் மேற்புற மட்டங்களை அறிக்கையாகப் பெற்று, பொறியியலாளரின் தளப்படத்தோடு வரிவரியாக ஒப்பிடுதல் நலம். குளியலறை போன்று வேண்டுமென்றே தாழ்த்திய இடங்கள் அப்பட்டியலில் வேறுபட்டு நிற்கும். அவற்றுக்கு வரைபடத்திலே காரணம் இருக்கும். காரணமின்றி வேறுபட்டு நிற்பவற்றையே திறந்து பார்க்கவேண்டும்.