தச்சரும் அரசனும்: 2002 பி.பி.சி. உலகப் பாடல் வாக்கெடுப்பும் தமிழ் இரசிகர் கூற்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

பி.பி.சி. உலக சேவை 2002ஆம் ஆண்டில் நடத்திய பாடல் வாக்கெடுப்பில் இரண்டு தமிழ்ப் பாடல்கள் முதற்பத்துள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று தமிழக இரசிகர் பேச்சில் இன்றளவும் பெருமிதத்துடன் வழங்குகிறது. மற்றொன்றோ அப்பேச்சிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. இந்த வேறுபாட்டின் காரணத்தை, நிகழ்வைச் சொல்லும் வாக்கியங்களில் வினைமுதல் இடம்மாறியமையில் இக்கட்டுரை தேடுகிறது.

திறவுச்சொற்கள்: இரசிகர், வாக்கெடுப்பு, எழுவாய், ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா, புலம்பெயர் தமிழர்.

முன்னுரை

பாடலை நாட்டின் பெயரால் போட்டிக்கு அனுப்பும் வழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றியது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளைக் கொண்டு தொடங்கிய யூரோவிஷன் பாடல் போட்டி இதற்குச் சிறந்த சான்றாகும். சுவீடன் முதலிய நாடுகளில், அனுப்பவேண்டிய பாடலைத் தெரிவதற்கே தனியொரு தேசியப் போட்டி நடைபெறுகிறது. இரசிகர் எதிர்வினை அத்தேசியத் தேர்வின்போதே தொடங்கிவிடும். ‘நம் பாடல் நல்ல பாடலா’ என்பது அவர்தம் முதல் வினா. ‘பிறர் காதில் அது ஏறுமா’ என்பது அடுத்த வினா. இறுதிப் போட்டியில் ஒரு நாட்டார் தம் நாட்டுப் பாடலுக்கே வாக்களிக்க இயலாது என்ற விதி இருப்பதால், இரண்டாம் வினாவே பெரிதாகிறது.

இந்தியாவில் பாடலுக்கு இத்தகைய தேசியத் தேர்வு வழக்கில் இல்லை. தமிழ் இரசிகர் அறிந்த தேசியத் தேர்வு திரைப்படத்துக்கு உரியது. ஆஸ்கர் விருதின் அயல்மொழிப் படப் பிரிவுக்கு இந்தியாவின் சார்பில் ‘தெய்வமகன்’ (1969) தொடங்கி ‘நாயகன்’, ‘இந்தியன்’, ‘ஜீன்ஸ்’, ‘ஹே ராம்’, ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ எனப் பல தமிழ்ப் படங்கள் அனுப்பப்பட்டுள்ளன. 2022இல் குஜராத்திப் படமான ‘செல்லோ ஷோ’ தெரிவுசெய்யப்பட்டபோது, ‘ஆர்.ஆர்.ஆர்.’ என்னும் தெலுங்குப் படத்தின் இரசிகர்கள் பெரிதும் ஏமாற்றம் அடைந்தனர். ஆனால் 2023 மார்ச்சில் அப்படத்தின் ‘நாட்டு நாட்டு’ பாடல் சிறந்த அசல் பாடலுக்கான விருதைப் பெற்றது. அப்பிரிவில் நாடு எதனையும் பரிந்துரைப்பதில்லை. ஆகவே தேசியத் தேர்வுக் குழுவின் வாயிலைத் தொடாமலேயே பாடல் உள்ளே சென்றது.

நாட்டின் பரிந்துரையின்றித் தமிழ்ப் பாடல்கள் உலக அரங்கின் பட்டியல் ஒன்றில் ஏறிய நிகழ்வு இதற்கு இருபது ஆண்டுகள் முற்பட்டது. அங்கே தேர்வாளர்கள் இரசிகர்களே. எனவே இரசிகர் எதிர்வினையை ஆராய்வோர்க்கு அது தனித்த முக்கியத்துவம் உடையது.

வாக்கெடுப்பின் இயல்பு

1932 டிசம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கிய பி.பி.சி. உலக சேவை, தன் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி உலகின் விருப்பப் பாடல்களை நேயர்களிடம் கேட்டது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் முன்மொழியப்பட்டன. 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து இணையவழி வாக்குகள் வந்தன. 2002 டிசம்பரில் வெளிவந்த முடிவில் அயர்லாந்தின் ‘எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்’ முதலிடத்திலும், ‘வந்தே மாதரம்’ இரண்டாமிடத்திலும், பாகிஸ்தானின் ‘தில் தில் பாகிஸ்தான்’ மூன்றாமிடத்திலும் நின்றன. நான்காவது, இளையராஜா இசையமைத்த ‘ராக்கம்மா கையத் தட்டு’. ஐந்தாவது, திருமலைச் சந்திரனின் ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’. ஈராக்கியப் பாடகர் காசிம் அல் சாஹிரின் பாடலும் நேபாளத்து அருண் தாபாவின் பாடலும் அடுத்து வர, ஷெர் பாடிய ‘பிலீவ்’ எட்டாமிடத்தையும், ஏ.ஆர். ரகுமானின் ‘சைய்ய சைய்யா’ ஒன்பதாமிடத்தையும், குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ பத்தாமிடத்தையும் பெற்றன.

உலகெங்கும் விற்ற ஆங்கிலப் பாடல்கள் எட்டிலும் பத்திலும் நிற்க, தமிழ்ப் பாடல்கள் நான்கிலும் ஐந்திலும் நிற்பது எங்ஙனம்? விடை வாக்கெடுப்பின் அமைப்பிலேயே உள்ளது. ஏழாயிரம் பாடல்கள் களத்தில் இருக்கையில், ஆங்கிலப் பாடல் கேட்போரின் வாக்கு ஆயிரக்கணக்கான பாடல்களிடையே சிதறும். ஒரு பாடலின்மேல் ஒருமனப்பட்டு நிற்கும் சிறு கூட்டம் அதனை எளிதில் மேலேற்றும். யூரோவிஷன் போலத் தம் பாடலுக்குத் தாமே வாக்களிக்கலாகாது என்னும் தடையும் இங்கில்லை. முதல் மூன்று பாடல்களும் நாட்டையோ தேசத்தையோ தாய்மண்ணையோ பெயரிலேயே தாங்கியிருப்பது தற்செயல் அன்று. இவ்வாக்கெடுப்பு அளந்தது பாடலின் தரத்தைவிட, ஒரு சமூகம் தன் பாடலின் பின்னே அணிதிரளும் விழைவையே எனலாம். அவ்வாறு கூறுவது பாடல்களைக் குறைத்து மதிப்பதாகாது. அணிதிரள்வதற்கு ஏன் அப்பாடல் தெரிவாயிற்று என்னும் வினா எஞ்சியே நிற்கிறது.

நான்காம் பாடலும் அதன் கேட்போரும்

‘ராக்கம்மா’ 1991 தீபாவளிக்கு வெளிவந்த மணிரத்னத்தின் ‘தளபதி’ படப் பாடல். வாலி இயற்ற, எஸ்.பி. பாலசுப்ரமணியமும் சுவர்ணலதாவும் பாடினர். துள்ளலிசைப் பாடலின் நடுவே ஆட்டம் ஓய்ந்து, திருநாவுக்கரசரின் நான்காம் திருமுறைத் திருவிருத்தம் ஒன்று குழுவிசையாக எழுகிறது. பின் மீண்டும் ஆட்டம் தொடர்கிறது. தில்லைக் கூத்தனைப் பாடிய ஏழாம் நூற்றாண்டுப் பதிகத்தின் ஒரு செய்யுள் 2002இல் உலகப் பட்டியல் ஒன்றில் நான்காமிடத்தில் ஒலித்தது என்பது தமிழாய்வாளர் கருதத்தக்க செய்தி. இளையராஜாவின் ஆகச்சிறந்த பாடல் இதுதானா என வினவும் இரசிகர்களுக்கு எதிராக, இப்பாடலின் தகுதியை நாட்டுவோர் முதலில் சுட்டுவதும் இப்பகுதியைத்தான்.

வாக்களித்தோர் யார் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. நாமக்கல் மாவட்டத்து எருமப்பட்டி, சேந்தமங்கலம் போன்ற பேரூர்களில் தொண்ணூறுகளின் திரைப்பாடல் மக்களை அடைந்த வழிகள் வேறு: மாரியம்மன் நோன்பியில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய், நகரப் பேருந்தின் ஒலிநாடா, விரும்பிய பாடல்களைக் கேசட்டில் பதிந்து தந்த கடை. இவ்வழிகளில் பாடலைத் தமதாக்கிக்கொண்ட பெருங்கூட்டத்தில் இணையம் எட்டியவர் 2002இல் சிலரே ஆவர். ஆகவே வாக்களித்தோர் பெரும்பாலும் நகரத்தாரும் கடல்கடந்தோருமாகவே இருந்திருத்தல் வேண்டும். அவருள்ளும் இளையராஜா இரசிகர், ரஜினிகாந்த் இரசிகர், ‘தமிழ்’ என்ற ஒன்றற்காகவே வாக்களித்தவர் என மூவகையினர் இருக்கக்கூடும். எண்ணிக்கை இவர்களைப் பிரித்துக் காட்டாது.

எழுவாய் மாற்றம்

இந்நிகழ்வைக் கூறும் இரசிகர் வாக்கியங்கள் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் அமைகின்றன. ‘பி.பி.சி. வாக்கெடுப்பில் ராக்கம்மா நான்காமிடம் பிடித்தது’ என்பது ஒன்று. ‘உலகின் சிறந்த பத்துப் பாடல்களுள் ஒன்றாகப் பி.பி.சி.யால் தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்பது இன்னொன்று. ‘பி.பி.சி. தேர்ந்தெடுத்த பாடல்’ என்பது மூன்றாவது. ‘நேயர்கள் வாக்களித்தார்கள்’ என்னும் நேரிய வடிவம் அரிதாகவே செவியில் படுகிறது.

முதல் வடிவத்தில் பாடலே இடத்தைப் ‘பிடிக்கிறது’. இது தமிழுக்குப் புதிதன்று. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியர் வினையியலில் மரபென ஏற்கிறார். ‘திண்ணை மெழுகிற்று’ என உரையாசிரியர்கள் காட்டுவர். மெழுகியவர் யாரெனக் கேட்க வேண்டாத இடத்தில் அவ்வழக்கு இயல்பாகப் பொருந்தும். இவ்வடிவத்தில் பி.பி.சி. ‘இல்’ என்னும் ஏழாம் வேற்றுமை ஏற்ற தொடரின் பகுதி மட்டுமே. நிகழ்ந்த இடத்தைச் சுட்டுவதோடு அதன் பணி முடிந்தது.

இரண்டாம் வடிவத்தில் ‘ஆல்’ உருபு வருகிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப்பொருளும் உண்டு, கருத்தாப்பொருளும் உண்டு. வாக்கெடுப்பை நடத்திய நிறுவனம் கருவி எனலாம். ஆனால் ‘தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டுவினையின் அருகே நின்றதும் கேட்போர் அதனைக் கருத்தாவாகவே கொள்வர். மூன்றாம் வடிவத்தில் ஐயத்துக்கும் இடமில்லை, பி.பி.சி. எழுவாயாகவே அமர்ந்துவிடுகிறது. இடமாக இருந்தது கருவியாகி, கருவி கருத்தாவாகி, கருத்தா எழுவாயாகிவிட்ட இப்படிநிலையில், வாக்களித்தவர் முற்றிலும் மறைந்துபோகிறார்.

இதனைப் பொய் என ஒதுக்கிவிட இயலாது. அரசன் கோயில் கட்டினான் என்றும் தச்சன் கோயில் கட்டினான் என்றும் சொல்லலாம்; முன்னது ஏவுதற் கருத்தா, பின்னது இயற்றுதற் கருத்தா. வாக்கெடுப்பை ஏவியது பி.பி.சி.; இயற்றியவர் நேயர். எனவே இரசிகர் கூற்று இலக்கணத்தால் வழு ஆகாது. ஆயினும் பொருளில் நேரும் மாற்றம் பெரிது. தானும் தன்னையொத்தாரும் அளித்த வாக்கு, அயல்நாட்டு நடுவர் ஒருவரின் தீர்ப்பாக உருமாறுகிறது. தன் விருப்பத்தைத் தானே சான்றாகக் காட்ட இரசிகர் தயங்குகிறார். அதே விருப்பம் இலண்டன் வழியாகத் திரும்பி வந்தால் தயக்கமின்றிக் காட்டுகிறார். யூரோவிஷன் இரசிகரை வருத்தும் ‘பிறர் காதில் ஏறுமா’ என்னும் வினாவுக்கு, அவ்வினா எழாத வாக்கெடுப்பொன்றிலிருந்தே தமிழ் இரசிகர் விடை வருவித்துக்கொண்டார் என்பது இங்குள்ள முரண்.

ஒன்பதாம் பாடல் இம்முரணுக்குக் கிளைக்கதை போன்றது. ‘தில் சே’ (1998) படத்தின் ‘சைய்ய சைய்யா’ இந்திப் பாடல். தமிழில் ‘உயிரே’ படத்தில் ‘தைய தையா’ என வந்தது. மொழியை அளவுகோலாகக் கொண்டால் பட்டியலில் தமிழ்ப் பாடல்கள் இரண்டு. இசையமைப்பாளரை அளவுகோலாகக் கொண்டால் தமிழர் பாடல்கள் மூன்று. இருவர்தம் இரசிகரும் நான்கையும் ஒன்பதையும் ஒப்பிட்டு வழக்காடும்போது, இடையிலுள்ள ஐந்து ஒப்பீட்டுக்கே வருவதில்லை.

ஐந்தாம் பாடல்

ஐந்தாம் பாடலின் விடுபாட்டை மறதி என்று மட்டும் கொள்ளுதல் போதாது. ‘பி.பி.சி. தேர்ந்தெடுத்தது’ என்னும் வாக்கியத்தோடு இப்பாடல் இசைவதில்லை. தமிழகத்துத் திரையிசை இரசிகருள் பலர் கேட்டறியாத ஈழப்பாடல் ஒன்றை அந்நடுவர் எவ்வாறு அறிந்து, இளையராஜாவுக்கு அடுத்த இடத்தில் வைத்தார்? இவ்வினாவுக்கு விடை கூற முற்பட்டால் நடுவரைக் கைவிட்டு வாக்காளரிடம் திரும்ப வேண்டும். அவ்வாறு திரும்பின் நான்காம் பாடலின் பெருமையும் தீர்ப்பாக இல்லாமல் வாக்காகிவிடும். கதையை அதே வடிவில் காப்பதற்கு ஐந்தாம் இடத்தைச் சொல்லாமல் விடுவதே எளிய வழியாகிறது.

வாக்கெனக் கொண்டால் ஐந்தாம் பாடல் தன்னைத் தானே விளக்கும். 1983க்குப்பின் கனடா, பிரித்தானியா, பிரான்சு, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நோர்வே எனப் பல நாடுகளில் பரந்த ஈழத்தமிழர், ஒலிநாடாவாலும் வானொலியாலும் இணையத்தாலும் தம்முள் தொடர்பு கொண்டிருந்தனர். நாடுதோறும் சிதறியிருந்தமை பிற போட்டிகளில் வலுவிழப்பு. நாட்டுக் கணக்கில்லாத இவ்வாக்கெடுப்பில் அது இழப்பாகவில்லை. காலமும் குறிப்பிடத்தக்கது. 2002 பிப்ரவரியில் நோர்வேயின் நடுவண்மையில் போர்நிறுத்த உடன்படிக்கை கையொப்பமானது. செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சுகள் தொடங்கின. உலகம் ஈழத்தை நோக்கிய ஆண்டின் இறுதியில், புலம்பெயர்ந்தோர் உலகின்முன் வைக்கத் தெரிந்த பாடல் இடப்பெயர்வின் பாடலாக இருந்தது.

தலைப்புத் தொடரே அதனை உணர்த்தும். பூவும் பிஞ்சும் உவமையாகுபெயராய்க் குழந்தைகளைக் குறிக்கின்றன. காம்பில் நிற்கவேண்டிய பூவும் கிளையில் முற்றவேண்டிய பிஞ்சும் நடக்கத் தொடங்குதல் இயற்கை பிறழ்ந்த நிலை. ‘நடக்குது’ என்னும் பேச்சுவழக்கு முற்று அஃறிணை ஒருமை. பூவுக்கு அது மரபு, ஆனால் நடப்பவர் மக்கள். உயர்திணை தன் வினைமுற்றை இழந்து அஃறிணையாய் நடக்கிறது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் கால்நடையாய்ப் பெயர்ந்த நினைவுடையோர்க்கு அம்முற்றின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பாடகர் பெயரிலுள்ள ‘திருமலை’ திருகோணமலையைக் குறிக்கும் வழக்குப் பெயர். நான்காம் பாடல் பட்டியலில் இசையமைப்பாளர் பெயரோடு நிற்க, ஐந்தாவது ஊர்ப்பெயரை முன்னொட்டாகக் கொண்ட பாடகர் பெயரோடு நிற்கிறது. திரைப்படமோ நட்சத்திரமோ பெருநிறுவனமோ அதன் பின்னில்லை. ‘ராக்கம்மா’வைக் குறித்துப் பேசுவோர் வாக்காளரை நீக்கியபின்னும் வாக்கியத்தை முடிக்க இயலும், பாடலுக்கு வேறு எழுவாய்கள் பல உள. ‘பூவும் நடக்குது’ பாடலுக்கு அவ்வசதி இல்லை. இயற்றுதற் கருத்தாவை நீக்கினால் அவ்வாக்கியத்தில் எஞ்சுவது ஒன்றுமில்லை.